சின்னப் படகுக்கு ஓர் உதிரிப் பெட்டி

கடலில் விழும் நட்டுக்குப் பெரிய சத்தம் கிடையாது. 'ப்ளுக்' என்று ஒன்று, அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நான் கேட்டது சிங்கப்பூரில், புலாவ் உபின் தீவுக்கும் புலாவ் கெத்தாம் தீவுக்கும் நடுவே. பிப்ரவரி மாதம், சீனப் புத்தாண்டு விடுமுறை. மிதந்து வந்த மரக்கட்டை ஒன்றில் அடிபட்டு, புரொப்பெல்லரின் ஓர் இறக்கை பாதியாக முறிந்து, எஞ்சின் தடதடவென்று ஆடியது. எனக்குப் பதற்றமே இல்லை. இருக்கைக்கு அடியில் உதிரி புரொப்பெல்லர் இருக்கிறது, ஸ்பேனரும் இருக்கிறது. கால் மணி நேர வேலை. புரொப்பெல்லரைப் பூட்டியிருக்கும் நட்டைக் கழற்றும்போது ஈரக் கை வழுக்கியது.

"என்ன மச்சான் விழுந்துச்சு?"

"நட்டு."

"இன்னொண்ணு இருக்குல்ல?"

இல்லை. மீன் பண்ணைக்காரர் ஒருவர் தன் சம்பானில், அதாவது சின்னப் படகில், கயிறு கட்டி எங்களை இழுத்து வந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

புரொப்பெல்லரை எல்லோரும் உதிரி என்று நினைத்து வாங்கி வைக்கிறோம். நட்டை யாரும் அப்படி நினைப்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த நட்டைப் பற்றியதுதான் என்றுகூடச் சொல்லலாம். படகோட்டும் உரிமம் இப்போதுதான் எடுத்திருக்கிறீர்கள், பதினைந்து பதினேழு அடி ஃபைபர் படகு, பின்னால் ஓர் அவுட்போர்டு எஞ்சின், சனி ஞாயிறு தூண்டில் போடப் போவீர்கள் என்றால் இது உங்களுக்கு.

எந்தப் புரொப்பெல்லரை எடுத்து வைப்பது

முதலில் எஞ்சினைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினைப் படகோடு பிணைக்கும் உலோகப் பிடியில் ஒரு சின்னத் தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். மாடல் பெயரும் வரிசை எண்ணும் அதில்தான். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அது. "யமஹா பதினைந்து" என்று மட்டும் சொன்னால் பத்தாது. ஒரே குதிரைத்திறனில் பழசு, புதுசு, டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்று பல உண்டு.

அடுத்து, இப்போது மாட்டியிருக்கும் புரொப்பெல்லரின் நடுக் குடத்திலோ இறக்கையிலோ ஓர் அளவு பொறித்திருக்கும். 9 1/4 × 10 என்பது போல. முதல் எண் விட்டம், ஒன்பதேகால் அங்குலம். இரண்டாவது எண் பிட்ச்: மரத்தில் திருகு இறங்குவதுபோல, வழுக்கல் எதுவும் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. உதிரிக்கு இதே அளவு வாங்குவது நல்லது. அது கிடைக்காவிட்டால் பிட்ச் ஓர் அங்குலம் குறைவாக இருக்கலாம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடுதலாகச் சுற்றும். கைப்பிடியை முழுவதும் திருகாமல் ஓட்டினால் சரி. பிட்ச் கூடுதலாக இருந்தால் எஞ்சின் திணறும், ஆள் கூட்டம் இருக்கும் நாளில் படகு நீர்மேல் எழும்பி ஓடவே ஓடாது.

அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பற்கள் ஒத்துப்போக வேண்டும். புரொப்பெல்லரைச் சுற்றவைக்கும் தண்டு, அதாவது ஷாஃப்டில் நீளவாக்கில் வரிவரியாகப் பல் வெட்டியிருப்பார்கள். இந்தப் பற்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம், குதிரைத்திறனுக்குக் குதிரைத்திறன் மாறும். பழைய சாமான் விற்பவரிடம் "பார்க்க அதே மாதிரிதானே இருக்கு" என்று வாங்கி வந்தால், கடலில்தான் அது நுழையாது என்று தெரியும்.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? உதிரிக்கு அலுமினியம் போதும். விலை குறைவு, கனம் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. கட்டையிலோ பாறையிலோ மோதினால் அலுமினிய இறக்கை வளையும், முறியும். அடியின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் இறக்கை லேசில் வளையாது, அடியை உள்ளே கியருக்கு அனுப்பிவிடும். நம் கடலில் மோத நிறைய இருக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு ஜோகூர் ஆற்றிலிருந்து கட்டையும் கிளையும் தெக்கோங் தீவுப் பக்கமாக வந்து சேரும். நீர் வற்றும் நேரத்தில் உபினின் கிழக்கு முனையில் செக் ஜாவா பக்கம் மணல்திட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நான் இரண்டு படகிலும் அலுமினியமே வைத்திருந்தேன், வருந்தியதில்லை.

என்னுடைய ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கியதை உதிரியாக வைக்காதீர்கள். புதியதை எஞ்சினில் மாட்டுங்கள், ஓட்டிப் பாருங்கள், ஒரு மாதம் ஓடட்டும். கழற்றிய பழையதுதான் உதிரி. இறக்கை விளிம்பில் நாலு கீறல் இருக்கட்டும், அது உங்கள் எஞ்சினில் ஏறி ஓடியது என்று ஏற்கெனவே தெரியும் அல்லவா?

அதோடு சேர்ந்தே இருக்க வேண்டிய சில்லறை

எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே வரும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் திரஸ்ட் வாஷர் என்ற கனமான வளையம். அதன்மேல் புரொப்பெல்லர். அதற்குப் பின் ஒரு ஸ்பேசர், சாதாரண வாஷர், கோட்டைச் சுவர் மாதிரி பல் வெட்டிய நட்டு, கடைசியாக நட்டையும் ஷாஃப்டையும் குறுக்கே பூட்டும் ஸ்பிளிட் பின். உங்கள் எஞ்சினில் ஸ்பேசர் இல்லாமலும் இருக்கலாம். கழற்றும்போது படம் பிடித்தால் சந்தேகம் வராது.

இவற்றில் அதிகம் தொலைவது திரஸ்ட் வாஷர். பழைய புரொப்பெல்லரின் உட்புறத்தில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு அதுவும் வந்துவிடும், கவனிக்காமல் கடலில் விடுவோம். அது இல்லாமல் புதியதை மாட்டினால் புரொப்பெல்லரின் உந்துதலைத் தாங்க ஒன்றும் இருக்காது. குடம் கியர் பெட்டியோடு உரசி இறுகிப்போகும். திரஸ்ட் வாஷரின் ஒரு பக்கம் உட்புறமாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு ஷாஃப்டின் சரிவில் போய் உட்கார வேண்டும். திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு.

ஆகவே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் புரொப்பெல்லரோடு ஒரு திரஸ்ட் வாஷர், ஒரு ஸ்பேசர், இரண்டு வாஷர், இரண்டு நட்டு, ஐந்தாறு ஸ்பிளிட் பின், சின்னக் குழாயில் கடல்நீருக்குக் கரையாத கிரீஸ். நட்டை எஞ்சின் விற்பவரிடமே வாங்குங்கள், மரை வேறுபடும். ஸ்பிளிட் பின்னை ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் வாங்கலாம். '316 ஸ்டெயின்லெஸ்' என்று கேளுங்கள். சாதாரண இரும்புப் பின் நம் உப்புக் காற்றில் சில மாதத்தில் பொடிந்துவிடும். வளைத்த பின்னை நிமிர்த்தி மறுபடி வளைப்பதும் வேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு பின்.

மிகச் சின்ன எஞ்சின், இரண்டு மூன்று குதிரைத்திறன் என்றால் கதை வேறு. பலவற்றில் ஷியர் பின் என்ற சின்னக் குச்சி ஷாஃப்டின் குறுக்கே இருக்கும். புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் குச்சி முறிந்து எஞ்சினைக் காப்பாற்றும். அது நாலைந்து கைவசம் வேண்டும். ஆணியை வெட்டிச் செருகுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆணி முறியாது, அடுத்த மோதலில் கியர்தான் முறியும்.

பெரிய எஞ்சின்களில் அந்த வேலையைக் குடத்துக்குள் இருக்கும் ரப்பர் செய்கிறது. அடிபட்டால் ரப்பர் வழுக்கும். அப்புறம் எஞ்சின் கத்தும், படகு நகராது. இது புதியவர்களைக் குழப்பும், இறக்கை மூன்றும் முழுசாக இருக்குமே! ரப்பர் வழுக்கினால் கைப்பிடியைக் குறைத்து மெல்ல ஓட்டிப் பாருங்கள், மெதுவான வேகத்தில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், கரை சேரலாம். உள்குடத்திலும் வெளிக்குடத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் வழுக்கிவிட்டது என்று அர்த்தம். என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு இரண்டு வருடமாகப் படகில்தான் இருக்கிறது.

கரையில் ஒரு தடவை, பிறகு கடலில்

படகு டிரெய்லரில் நிற்கும்போது ஒரு தடவை முழுவதும் கழற்றி மாட்டுங்கள். உங்கள் கருவிகளை மட்டும் வைத்து. பக்கத்துப் படகுக்காரரிடம் ஸ்பேனர் கேட்டால் ஒத்திகை தோற்றது. சாக்கெட் நட்டில் உட்காருகிறதா, குறடு பின்னைப் பிடிக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நான் முதல் தடவை நாற்பது நிமிடம் எடுத்தேன். உப்பு பிடித்த நட்டு அசையவே இல்லை.

கடலில் முதல் வேலை புரொப்பெல்லர் இல்லை, நங்கூரம். எஞ்சின் நின்ற நிமிடத்திலிருந்து நீரோட்டம் உங்களை நகர்த்திக்கொண்டிருக்கிறது. ஜோகூர் நீரிணையில் கொஞ்ச நேரம் மிதந்தாலே எல்லையைத் தாண்டி மலேசியப் பக்கம் போய்விடலாம். தெற்கே குசு, செயிண்ட் ஜான்ஸ் தீவுகள் பக்கம் என்றால் கப்பல் வழியில் போய் நிற்பீர்கள். நங்கூரம் பிடித்த பிறகு எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கியர் நியூட்ரலில், சாவி வெளியே, எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பும் வெளியே. கிளிப்பை உங்கள் சட்டைப்பையில் போடுங்கள். நீங்கள் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவா?" என்று கேட்கக் கூடாது.

எஞ்சினை முழுவதும் மேலே தூக்கி, தாங்கு கொக்கியைப் போடுங்கள். ஒருவர் பின்னால், மற்றவர்கள் முன்னால். எல்லோரும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தால் பின்பலகை வழியாகத் தண்ணீர் ஏறும். தண்ணீருக்குள் இறங்கி மாற்ற நினைக்காதீர்கள். நீச்சல் தெரியும் என்பது வேறு, நீரோட்டத்தில் ஒரு கையால் படகையும் இன்னொரு கையால் ஸ்பேனரையும் பிடிப்பது வேறு.

இப்போது என் நட்டுக் கதைக்கான மருந்து: மீன் அள்ளும் கைவலையை எடுத்துப் புரொப்பெல்லருக்கு நேர் கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். வலைக்குள் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள், பின்னும் நட்டும் கண்ணி வழியே நழுவாது. ஸ்பேனரிலும் குறடிலும் தூண்டில் நூலைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கேலியாக இருக்கும், இருக்கட்டும்.

குறடால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி இழுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கும் ஓர் இறக்கைக்கும் நடுவே மரத்துண்டு ஒன்றைச் செருகினால் இறக்கை சுற்றாது. கைவிரலைச் செருகாதீர்கள், உடைந்த அலுமினியம் பிளேடு மாதிரி வெட்டும். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நட்டை இடப்புறமாகத் திருப்பிக் கழற்றி, வாஷர், ஸ்பேசர், புரொப்பெல்லர் என்று ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே ஒரு டப்பாவில் போடுங்கள். திரஸ்ட் வாஷர் எங்கே என்று இந்த இடத்தில் நின்று பாருங்கள்.

புரொப்பெல்லர் இல்லாத ஷாஃப்டை நன்றாகப் பார்ப்பது இந்த நேரத்தில்தான் வாய்க்கும். தூண்டில் நூல் சுற்றியிருக்கிறதா? ஆட்கள் நூலை அறுத்துக் கடலில் விடுகிறார்கள், அது நம் ஷாஃப்டில் வந்து சுற்றுகிறது. நைலான் சூடாகி உருகி, எண்ணெய் கசியாமல் காக்கும் 'ஆயில் சீல்' வளையத்தை வெட்டிவிடும், கியர் எண்ணெயில் தண்ணீர் கலக்கும். கரைக்குப் போய் எண்ணெயைச் சொட்டுவிட்டுப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் வந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

பல்லில் கிரீஸ் தடவி, அதே வரிசையில் மாட்டுங்கள். மரத்துண்டை இறக்கையின் மறுபக்கம் வைத்து நட்டை இறுக்குங்கள். நட்டின் வெட்டும் ஷாஃப்டின் துளையும் நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள். புதிய பின், இரண்டு காலும் எதிரெதிராக மடக்கியாயிற்றா? எஞ்சினை இறக்கி, கிளிப்பைப் போட்டு, மெதுவாக முன் கியர், பின் கியர். அப்புறம் நங்கூரம்.

பெட்டியைத் திறக்கும் முன்

எஞ்சின் நின்றதும் கருவிப் பெட்டியை நோக்கிப் பாய்வது எல்லோருக்கும் வரும் ஆசை. அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பெட்ரோல் டாங்கி மூடியில் காற்றுத் துளைத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும், குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழ் சப்பையாகிக் கிடக்கும். பெட்ரோல் குழாயின் இணைப்பு எஞ்சினில் முழுவதும் பூட்டியிருக்கிறதா? யாராவது காலால் தட்டியிருப்பார்கள். கில் சுவிட்ச் கிளிப் விழுந்துவிட்டதா? நான் பார்த்த 'பழுதுகளில்' பாதி இந்த மூன்றுதான்.

கிளிப் மட்டும் உதிரி இல்லாமல் போகவே போகாதீர்கள். ஓட்டுபவர் கடலில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அது. அவர் விழும்போது அதையும் இழுத்துக்கொண்டு விழுவார். படகில் இருப்பவர்கள் எஞ்சினை ஓட்டி அவரை எடுக்க வர வேண்டுமே, இன்னொரு கிளிப் வேண்டாமா? அது இருக்கும் இடம் கூட வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற உதிரிகளை வேகமாகச் சொல்கிறேன். உங்கள் எஞ்சினுக்கான ஸ்பார்க் பிளக் ஒரு செட், அதைக் கழற்றும் ஸ்பேனர். பெட்ரோல் ஃபில்டர் ஒன்று. குழாய்ப் பட்டிகள் நாலு, குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் இரண்டு. பேட்டரியால் ஸ்டார்ட் ஆகும் எஞ்சின் உள்ள படகென்றால் எஞ்சின் எந்த ஆம்பியர் கேட்கிறதோ அந்த பியூஸ்கள். பேட்டரி செத்தால் கையால் இழுக்க ஒரு கயிறு. எஞ்சினின் மேல்மூடிக்குள்ளேயே சில மாடல்களில் இருக்கும், பாருங்கள். கேபிள் டை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், தலையில் மாட்டும் விளக்கு. நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் சூரியன் விழும், அதன் பிறகு இருட்ட அதிக நேரம் ஆகாது. ஆறரைக்கு எஞ்சின் நின்றால் வேலை பாதி இருட்டில்தான்.

படகின் அடியில் இருக்கும் தண்ணீர் வடிகால் அடைப்பானுக்கும் ஓர் உதிரி வேண்டும், கூடவே கூம்பு வடிவ மென்மரத் துண்டு இரண்டு அளவில். ஓட்டை எதுவானாலும் சுத்தியலால் தட்டி ஏற்றலாம், தண்ணீரில் ஊறி இன்னும் இறுகும்.

இம்பெல்லர் பற்றி ஒரு வார்த்தை. குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரம் அது. அவுட்போர்டில் அதை மாற்றக் கீழ்ப்பகுதி முழுவதையும் இறக்க வேண்டும். ஆடும் படகில் நடக்காது. அதைப் படகில் சுமக்காமல் வருடத்துக்கு ஒரு தடவை கரையிலேயே மாற்றிவிடுங்கள். கடலில் உங்களால் முடிவது ஒன்று: எஞ்சினின் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நின்றுபோனால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். தூக்கிப் பாருங்கள், தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். இல்லையென்றால் தண்ணீர் பீய்ச்சும் துளையில் தடித்த தூண்டில் நூலை விட்டுக் குத்துங்கள், உப்போ மண்ணோ அடைத்திருக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால்

கேட்க ஆள் வேண்டும், கட்ட கயிறு வேண்டும். விஎச்எஃப் என்ற கடல் ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்குச் சேனல் 16. சிங்கப்பூர் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அவசர எண்ணையும் கடலோரக் காவல் படையின் எண்ணையும் கிளம்பும் முன்பே கைப்பேசியில் பதிந்து, கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். இருக்கும் இடத்தைச் சொல்ல "உபின் பக்கத்தில்" போதாது, கைப்பேசி வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்துப் படிக்கப் பழகுங்கள்.

நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். உபின் ஓரத்துக்கு வாங்கிய முப்பது மீட்டர் கயிறு தெற்குத் தீவுகளின் நடுவே கடலில் பிடிக்காது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையிலோ முற்பகலிலோ சுமத்ரா காற்று என்ற திடீர்ச் சூறைக்காற்று அடிக்கும். அந்த நேரத்தில் எஞ்சினும் இல்லை, கயிறும் குட்டை என்றால் கஷ்டம். இழுவைக்கு மிதக்கும் கயிறு தனியாகப் பதினைந்து மீட்டர், முன்பக்க வளையத்தில் கட்டத் தயாராக. துடுப்பு இரண்டு.

பெட்டிக்கு என் தேர்வு, அக்கம்பக்கக் கடைகளில் கிடைக்கும் நாலு பக்கமும் கிளிப் போட்ட பிளாஸ்டிக் டப்பா, நாம் தீபாவளி முறுக்கு வைக்கும் அதே ரகம். தகர டப்பா வேண்டாம். இரும்புச் சாமான்களில் கிரீஸ் தடவி, ஜிப் பையில் போட்டு, உள்ளே நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம். மூடியின் உட்புறம் பட்டியல் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து கொட்டிப் பாருங்கள். அவசரத் தீப்பந்தத்தின் (ஃப்ளேர்) காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள். எடுத்துப் பயன்படுத்திய பொருளைப் படகைக் கழுவும் முன்பே பட்டியலில் சுழித்துவிடுங்கள், கழுவி முடித்தால் வீட்டு நினைப்பு வந்துவிடும்.

என் பெட்டியில் இப்போது மூன்று நட்டுகள் இருக்கின்றன. நாலாவது, மச்சானின் தூண்டில் பையில். அதை என்னிடம் தரமாட்டேன் என்கிறார்.